சிவப்பு எழுத்தில் வந்த ஓர் எண்

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 27. கீழக்கரைக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் உம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இது தலைப்பிள்ளை, 14 வாரம் முடிந்து 15ஆவது வாரம் நடக்கிறது. உயரம் 154 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் எடை 72 கிலோ, இப்போது 74. சலுகைக் கட்டணத்தில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் சி.ஆர்.பி. 11 என்று வந்து, அதைச் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 10.4. இரும்புச்சத்து மாத்திரையை 12ஆவது வாரத்திலிருந்து விடாமல் சாப்பிடுகிறேன். வெளிநாட்டில் செவிலியராக இருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம் அறிக்கையை அனுப்பிக் கேட்டதற்கு, என் எடையால் உடம்பெல்லாம் அழற்சி இருக்கிறது என்றும், அது குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். மஞ்சள் மாத்திரையும் கருஞ்சீரக எண்ணெய் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். உம்மாவோ இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று சண்டை போடுகிறார். என்னைச் சுமந்தபோது அவருக்கு பிரஷர் ஏறி, எட்டாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். அதனால் என்னைப் பற்றி அவருக்கு எப்போதும் பயம். அழற்சியைக் குறைக்க நான் என்ன செய்ய வேண்டும்? எடையை இப்போதே குறைக்கலாமா? சி.ஆர்.பி.யை மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

மகப்பேறு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஒரே ஒரு செய்தியை மட்டும் உங்களுக்குத் தனியே எழுதி அனுப்பினேன்; அதற்கான காரணத்தைக் கீழே உரிய இடத்தில் விளக்குகிறேன். மற்றவற்றை, இதே அறிக்கையை வைத்துக்கொண்டு இதே பயத்தோடு இருக்கும் பிறருக்கும் பயன்படட்டும் என்று இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அழற்சி என்ற அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘இன்ஃப்ளமேஷன்’ எனப்படும் இதை நம் பக்கத்தில் பலர் வீக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத் தாளை நீட்டி, எங்கே வீங்கியிருக்கிறது என்று என்னிடம் கேட்ட பெண்கள் உண்டு. வீக்கம் அதன் அடையாளங்களுள் ஒன்று மட்டுமே. காலில் முள் தைத்த இடம் சிவந்து, சுட்டு, வலித்து, வீங்குவது கண்ணால் காணக்கூடிய அழற்சி. காரணம் நீங்கியதும் அது தணிந்துவிடும். உடற்பருமனோடு சேர்ந்து வருவது நீறு பூத்த நெருப்பு. கொழுப்புச் செல்கள் தம் கொள்ளளவை மீறிப் பெருக்கும்போது அவற்றுக்கு இடையே மேக்ரோஃபேஜ் எனப்படும் எதிர்ப்பு அணுக்கள் வந்து குடியேறுகின்றன என்பது 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. அந்த அணுக்களும் கொழுப்புச் செல்களும் சேர்ந்து இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்பா ஆகிய, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலை எட்டும்போது கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. உங்கள் அறிக்கையில் சிவப்பாக நிற்பது அந்தப் புரதத்தின் அளவுதான்.

இந்தப் புரதம் 1930ஆம் ஆண்டில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊரில் எங்கோ தீப்பற்றியிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்று சொல்லாது. சளி பிடித்தாலும், பல்லில் சீழ் வைத்தாலும், எடை கூடினாலும், ஏன், கர்ப்பம் தரித்தாலும் அது ஏறும். தாளில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 5 என்ற எல்லை கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு வகுக்கப்பட்டது. ஒரு குறையும் இல்லாத கர்ப்பிணிகளிடமே 10ஐத் தாண்டிய அளவுகள் காணப்படுவதுண்டு. இதே போல ஈ.எஸ்.ஆர். என்ற பரிசோதனையும் கர்ப்ப காலத்தில் தானாகவே உயரும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் உயரும். ஆய்வுக்கூடத்தின் கணினிக்கு நீங்கள் கர்ப்பிணி என்பது தெரியாது. எல்லையைத் தாண்டிய எதையும் சிவப்பாக்கிவிடும். கர்ப்பிணிகளுக்குச் சலுகை விலையில் இப்படிப்பட்ட மொத்தப் பரிசோதனைகளை விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த விடை பெரும்பாலும் தூக்கத்தைத்தான் கெடுக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. அழற்சி என்றாலே கர்ப்பத்துக்குப் பகை என்பது சரியன்று. கரு கருப்பையின் சுவரில் பதியும் முதல் வாரங்களில் அந்த இடத்தில் நடப்பதே ஒருவகை அழற்சிதான். அது இல்லையென்றால் கரு வேர் பிடிக்காது. பிறகு, நீங்கள் இப்போது நுழைந்துகொண்டிருக்கும் நடு மாதங்களில், தாயின் எதிர்ப்பாற்றல் தணிந்து பிள்ளையை வளரவிடுகிறது. பேறுகாலம் நெருங்கும்போது வெள்ளணுக்கள் கருப்பை வாயில் வந்து கூடி, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, வலி எடுக்கவைப்பது மறுபடியும் ஓர் அழற்சிதான். ஆகவே மருத்துவரின் கவலை, அழற்சி இருக்கிறதா என்பதைவிட, அமைதியாக இருக்க வேண்டிய நடு மாதங்களில் அதைத் தூண்டிவிடும் வேறு ஏதாவது உடலில் ஒளிந்திருக்கிறதா என்பதே.

அப்படி ஒளிந்திருப்பவற்றுள் நம் கடற்கரையில் நான் முதலில் தேடுவது சிறுநீர்த் தொற்று. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் குடிதண்ணீர் குடக் கணக்கில் விலைக்கு வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் அரைத் தம்ளரோடு நிறுத்திக்கொள்ளும் பெண்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். கருவாடு காயப்போடும் இடங்களிலும் கடற்பாசி எடுக்கப் போகும் இடங்களிலும் கழிப்பறை இல்லை என்பதற்காகவே பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. கர்ப்பிணிகளில் சிலருக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறிக் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். எனவே சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ‘கல்ச்சர்’ பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் பல் மருத்துவரையும் பாருங்கள். ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்தால் குறைமாதம் குறையும் என்பது மட்டும் 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் மெய்ப்படவில்லை. ஆனால் சிகிச்சை கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது என்பதை அதே ஆய்வு காட்டியது. ஈறு வலியோடு ஆறு மாதம் ஓட்ட வேண்டியதில்லை என்பதே போதுமான காரணம். காய்ச்சல், இருமல், நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல் எதுவும் இல்லாமல், சிறுநீரும் சுத்தமாக இருந்தால், அந்த 11 என்ற எண்ணை அத்தோடு விட்டுவிடலாம்.

குழந்தையின் மூளையைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது முழுக் கற்பனை அன்று. பருமனான தாய்மார்களின் பிள்ளைகளிடம் கவனக் குறைபாடு போன்றவை சற்று அதிகமாக இருப்பதாகப் பெரிய பதிவேட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அழற்சி அதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஆனால் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரே தாயின் இரு பிள்ளைகளை, ஒரு கர்ப்பத்தில் எடை கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்த நிலையில், ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோயிற்று. தாயின் எடை தனியாக வருவதில்லை. குடும்ப மரபு, வருமானம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது என்பதே இதன் பொருள். அந்த ஆய்வுகள் பேசுவது பல ஆயிரம் பேரின் சராசரியைப் பற்றி. உங்கள் ஒருவரின் சி.ஆர்.பி.யைப் பார்த்து உங்கள் பிள்ளையின் அறிவைச் சொல்லக்கூடிய மருத்துவர் எங்கும் இல்லை.

இனி எடைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் செய்வதற்கு வேலை இருக்கிறது. 72 கிலோவை 1.54 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. என்ற எண் உங்களுக்கு 30.4 வருகிறது. உலக அளவுகோலில் 30க்கு மேல் உடற்பருமன். இந்தியர்களுக்கு 23லிருந்தே கூடுதல் எடை, 25லிருந்தே பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் எல்லையைத் தாழ்த்தி வகுத்திருக்கிறார்கள். புனேயில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன: அங்கே பிறந்த குழந்தைகள் ஆங்கிலேயக் குழந்தைகளைவிட எடை குறைவாகவும் தசை குறைவாகவும் இருந்தபோதும், கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலிலும் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் வாகு நமக்குப் பிறவியிலேயே தொடங்குகிறது. இதைச் சொல்வது உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக அன்று.

ஆனால் எடையைக் குறைக்கும் காலம் இது அன்று. குழந்தை மூன்று கிலோ, நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, பெருத்த கருப்பை, கூடிய இரத்தம், மார்பு, உடல் நீர் என்று கணக்கிட்டால், கொழுப்பு ஒரு துளியும் சேராமலே ஏழெட்டுக் கிலோ ஏறிவிடும். பி.எம்.ஐ. 30க்கு மேற்பட்டவர்கள் கர்ப்பம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ வரை கூடினால் போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2009ஆம் ஆண்டில் வகுத்த அளவைத்தான் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒல்லியான பெண்ணுக்கு அது 12.5 முதல் 18 கிலோ. உங்களுக்கு இரண்டு கிலோ ஏற்கனவே ஏறிவிட்டது. இனி வாரத்துக்குக் கால் கிலோவுக்கு மிகாமல் ஏறி, பிரசவ நேரத்தில் 77க்கும் 81க்கும் இடையே நின்றால் மிகச் சரியாக இருக்கும்.

ஆகவே இரவுச் சாப்பாட்டை இன்றே மறுபடி தொடங்குங்கள். கர்ப்பிணியின் உடல் பட்டினியை மற்றவர்களைவிட விரைவாக உணர்கிறது. மாலையில் சாப்பிட்டதோடு நிறுத்திவிட்டுக் காலை வரை இருந்தால், விடியும்போது சர்க்கரை இறங்கி, கொழுப்பு கரைந்து, இரத்தத்தில் கீட்டோன் ஏறியிருக்கும். கொழுப்புதானே கரைகிறது என்று மகிழ வேண்டாம்; பிள்ளைக்கு வேண்டிய குளுக்கோஸ் அந்த நேரத்தில் குறைகிறது. ரமலான் நோன்புக்கே கர்ப்பிணிகளுக்கு நம் மார்க்கம் சலுகை கொடுத்திருக்கும்போது, கைப்பேசியில் பரவும் பதினாறு மணி நேர விரதத்தைக் கர்ப்பத்தில் பிடிக்க என்ன தேவை?

உம்மாவின் கட்சியும் பாதிதான் சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையில் கர்ப்பிணிக்குக் கூடுதலாகச் சொல்லப்பட்டிருப்பது நாளொன்றுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு சிறு தம்ளர் பால்: இரண்டாவது உயிரின் பங்கு அவ்வளவுதான். உங்கள் எடைக்கு அதுவும் முழுதாகத் தேவைப்படாது. தொதல், வட்டலப்பம் போன்ற இனிப்புகளை உம்மா ஆசையோடு செய்து தரும்போது மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு துண்டு தின்பதால் ஒன்றும் ஆகாது. கருப்பட்டியில் செய்தது என்பதால் தட்டு நிறையத் தின்னலாம் என்று நினைப்பதுதான் தவறு. சர்க்கரை ஏறுவதைப் பொறுத்தவரை கருப்பட்டி வெள்ளைச் சீனிக்கு உறவுக்காரன்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணத்தை, அதாவது குழம்பை, குறைத்துக்கொண்டு, இடியாப்பத்தின் அளவையும் குறைத்து, அந்த இடத்தில் பயறு, முருங்கைக்கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். நாளுக்கு நாலு முறை குடிக்கும் தேநீரில் சீனியை நிறுத்தினாலே நீங்கள் பட்டினி கிடந்து குறைக்க நினைத்ததில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

மீனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் நம் கரையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. அழற்சியைத் தணிக்கும் இயல்புள்ள ஒமேகா-3 கொழுப்பு, மாத்திரைக் குப்பியில் வருவதற்கு முன்னால், சாளையிலும் சூடையிலும் நெத்திலியிலும் இருக்கிறது. எழுபது ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வில், கர்ப்பத்தில் ஒமேகா-3 கூடுதலாகப் பெற்றவர்களிடம் 37 வாரத்துக்கு முந்திய பிரசவம் 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9 ஆகவும், 34 வாரத்துக்கு முந்தியது 4.6இலிருந்து 2.7 ஆகவும் குறைந்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தவை என்பது உண்மை. எனினும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, எல்லாம் சேர்த்து 225 முதல் 340 கிராம் வரை, சிறு மீன்களைக் குழம்பாக வைத்து உண்பதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சுறாவை மட்டும் இப்போதும் பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது நம் வழக்கம். ஆனால் பெரிய மீன்கள் பல ஆண்டுகள் வாழ்ந்து சிறு மீன்களைத் தின்று பாதரசத்தை உடலில் சேர்த்துவைத்திருக்கும். பால் ஊறுவதற்குக் காரல் மீனே போதும் என்று உம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கருவாட்டை உப்புக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பது பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு நாளும் அரை மணி நேரம், பேசினால் மூச்சு வாங்காத வேகத்தில், வாரத்துக்கு ஐந்து நாள். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: பிரிட்டனில் 1,555 பருமனான கர்ப்பிணிகளுக்கு உணவும் நடையும் கற்றுக்கொடுத்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எடை ஏறுவது சற்றுக் குறைந்ததே தவிர, கர்ப்பகால நீரிழிவு குறையவில்லை. ஆகவே நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குறுதி தர மாட்டேன். இதனால்தான் பரிசோதனைகளை நாள் தவறாமல் செய்துகொள்வதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நீறு பூத்த நெருப்பு உண்மையில் வெளிப்படும் இடங்கள் மூன்று: இரும்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம். சி.ஆர்.பி.யை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்.

உங்கள் ஹீமோகுளோபின் 10.4 என்பது இலேசான இரத்தசோகை. சத்து நிறையச் சாப்பிடும் பருமனான பெண்ணுக்கு எப்படி இரத்தம் குறையும் என்று வீட்டில் கேட்பார்கள். நான் முன்பு சொன்ன இன்டர்லூகின்-6, கல்லீரலில் ஹெப்சிடின் என்ற மற்றொரு பொருளையும் சுரக்கச் செய்கிறது. குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் நுழையும் வாசலைச் சாத்திவைப்பது அந்த ஹெப்சிடின்தான். கர்ப்பத்தில் பிள்ளைக்காக அந்த வாசல் இயல்பாக அகலத் திறக்க வேண்டும். எடை கூடியவர்களிடம் அது அரைகுறையாகவே திறக்கிறது. இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் அழற்சி இருக்கும்போது பொய்யாக உயர்ந்து, இருப்பு நிறைய இருப்பதுபோலக் காட்டலாம். அது இயல்பாக வந்தால் ஏமாந்துவிடக் கூடாது. நீங்கள் மாத்திரை தொடங்கி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. நான்கு வாரம் முடிந்தபின் மறுபடி பாருங்கள். உங்கள் அளவுக்கு அரசுத் திட்டப்படி நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் தரப்பட வேண்டும். ஒன்றுதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள், தேநீரோடு வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்கட்டும். அப்படியும் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது நல்ல வழி. அது குடலின் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையை முதல் வருகையிலேயே செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. இப்போது இயல்பாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மடக்கத் தொடங்குவது அந்தக் காலத்தில்தான். எடையால் ஏற்கனவே தளர்ந்திருக்கும் இன்சுலினுக்கு அது இரட்டைச் சுமை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு ஏற்ற முறை இது.

இனி, நான் தனியே எழுதி அனுப்பிய செய்தி. உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது சி.ஆர்.பி.யில் அன்று, உம்மாவுக்கு பிரஷர் ஏறி எட்டாம் மாதத்தில் உங்களை எடுத்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்த வரியில். அது பெரும்பாலும் ‘ப்ரீ எக்லாம்ப்சியா’ எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருந்திருக்கும். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. தலைப்பிள்ளை, 30க்கு மேற்பட்ட பி.எம்.ஐ., தாய்க்கு வந்த நோய் என்று உங்களிடம் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. இப்படி இரண்டு சேர்ந்தாலே குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடங்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆபத்துக் கூடுதலாக இருந்த 1,776 பெண்களில், இரவுதோறும் 150 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முன் பிரசவமாக்கும் அளவுக்கு முற்றிய நோய் 1.6 விழுக்காட்டினருக்கே வந்தது, எடுக்காதவர்களிடம் 4.3. ஆனால் நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் அமைந்து முடிவதற்குள், அதாவது 16 வாரத்துக்குள், தொடங்கினால்தான் முழுப் பயன்; பிந்தினால் பயன் குறையும். உங்களுக்கு ஒன்றிரண்டு வாரம்தான் இருந்தது, அதனால்தான் அவசரம். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். வயிற்றுப் புண், இரத்தக் கசிவு, ஒவ்வாமை இல்லை என்று பார்த்து உங்கள் மருத்துவரே அளவைச் சொல்ல வேண்டும். உம்மாவின் பழைய பிரசவச் சீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அழற்சிக்கு மருந்து கேட்டு எழுதிய உங்களுக்கு நான் சொல்லும் ஒரே மருந்து ஆஸ்பிரின் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனால் இந்தச் சிறு அளவில் அது அழற்சிக்காக அன்று, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தடையின்றிப் போவதற்காகக் கொடுக்கப்படுகிறது.

வாங்கி வைத்திருக்கும் மற்ற மாத்திரைகளை ஒதுக்கிவையுங்கள். ஆணத்தில் போடும் மஞ்சளும் கருஞ்சீரகமும் உணவு. அவற்றைப் பிழிந்து அடர்த்தியாக்கி மாத்திரையாக்கினால் அது மருந்து. கர்ப்பிணிகளுக்கு அந்த அளவு பாதுகாப்பானது என்று யாரும் நிறுவவில்லை. இதைவிட முக்கியமானது, இடுப்பு வலிக்கும் பல் வலிக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். அழற்சியை அடக்கும் மருந்துகள் என்ற பெயரே அவற்றுக்குத்தான். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தளர்த்திப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ஆம் ஆண்டில் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயையும் அவை மூடிவிடலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

சி.ஆர்.பி.யை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மேல்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைக்கு இராமநாதபுரம் போக வேண்டும், அதற்கு மேல் என்றால் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்று இருக்கும் நம் ஊர்களில், அழுத்தம் ஏறுவதை ஒரு நாள் முன்னால் அறிவதும் பெரிய காரியம். 20ஆவது வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எடுத்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 140க்கு 90ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 160க்கு 110ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று உப்புதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, இரவென்று பாராமல் 108ஐ அழையுங்கள். கருவி வாங்கும்போது உங்கள் மேல்கையின் சுற்றளவை ஒரு தையல் நாடாவால் அளந்துகொண்டு போங்கள், 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் கட்டினால் இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும்; சிவப்பு எழுத்தில் இன்னோர் எண் உங்களுக்கு வேண்டாம்.